நாஸில் மீடியா சர்வர் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) ஓடும் மீடியா சர்வர், அதாவது உங்கள் படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள், சரியாக ஓடவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். நாஸில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சர்வர் மென்பொருளுக்கு வெளியே இருக்கின்றன: ஃபோல்டர் அனுமதி, பாதை, ஐபி முகவரி, கேபிள், டிவி ஆப்பின் அமைப்பு. மறுபடி நிறுவினால் இவற்றில் எதுவும் மாறாது. யார் எந்தப் படத்தை எதுவரை பார்த்தார்கள் என்ற குறிப்பும், நீங்கள் உட்கார்ந்து திருத்திய போஸ்டர்களும் போய்விடும், அவ்வளவுதான்.

நாஸ் தயாரிக்கும் சினாலஜி, படம் ஓட்டும் தன் வீடியோ ஸ்டேஷனை 2024இல் தன் நாஸ் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2.2 பதிப்பு வெளிவந்தபோது நிறுத்திவிட்டது. அதன்பிறகு ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், எம்பி ஆகிய மீடியா சர்வர்கள் பக்கம் வந்தவர்கள் நிறையப் பேர். கீழே உள்ளவை மூன்றுக்கும் பொருந்தும்; எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. சர்வரை நிறுத்திவிட்டு, அதன் அமைப்புகளும் டேட்டாபேஸும் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம், லாக் (சர்வர் தானே எழுதும் நிகழ்வுக் குறிப்பு) எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெல்லிஃபினில் டாஷ்போர்டிலேயே லாக் பக்கம் உண்டு; டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓடுகிறதென்றால் கன்டெய்னரின் லாக் தனியாக இருக்கும். பிழை நடந்த நிமிடத்தில் என்ன வரி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## பக்கமே திறக்கவில்லை

முகவரியில் போர்ட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெல்லிஃபினுக்கும் எம்பிக்கும் 8096. ப்ளெக்ஸுக்கு 32400, அதன் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு வெப் என்று சேர்க்க வேண்டும். இன்னொன்று: 8096இல் வருவது பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத சாதாரண எச்டிடிபி. பிரவுசர் தானாகவே எச்டிடிபிஎஸ் என்று மாற்றிவிட்டால் பக்கம் வராது. முகவரியின் தொடக்கத்தை முழுசாக நீங்களே தட்டச்சிட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால், கன்டெய்னர் உண்மையிலேயே ஓடுகிறதா, அல்லது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். லாகில் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று இருந்தால், உங்கள் நாஸின் சிப்புக்குப் பொருந்தாத இமேஜை (கன்டெய்னருக்கான மென்பொருள் பொதி) இறக்கியிருக்கிறீர்கள். ஏஆர்எம் சிப் உள்ள நாஸில் இன்டெல்லுக்கான இமேஜ் ஓடாது. ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள முகவரி’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் போர்ட்டை வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பியிலிருந்து பிரிந்து வந்தது. 8096 என்ற எண்ணும் கூடவே வந்துவிட்டது. இரண்டையும் ஒரே நாஸில் ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். போர்ட் இணைப்பில் இடப்பக்க எண்ணை மட்டும் 8097 என்று மாற்றுங்கள். வலப்பக்கம் கன்டெய்னருக்குள் இருப்பது, அதைத் தொட வேண்டாம்.

நேற்று வரை திறந்தது, இன்று இல்லை என்றால் ரவுட்டர் நாஸுக்கு வேறு ஐபி கொடுத்திருக்கலாம். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் நாஸுக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை அதோடு தீரும்.

கணினியில் திறக்கிறது, டிவி ஆப் மட்டும் சர்வரைக் கண்டுபிடிக்கவில்லை என்பது தனிக் கதை. டிவி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? அந்த வைஃபை வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க விடாது. இல்லையென்றால், கன்டெய்னரைத் தனியாகப் பிரித்து வைக்கும் டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். ஆப் சர்வரைத் தேடி வீட்டு நெட்வொர்க் முழுக்க ஒரு குரல் கொடுக்கும். பிரிட்ஜுக்குள் இருக்கும் கன்டெய்னருக்கு அது கேட்காது. ஆப்பில் முகவரியைக் கையால் கொடுங்கள், அல்லது கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு, அதாவது நாஸின் சொந்த நெட்வொர்க்குக்கு, மாற்றுங்கள். டிஎல்என்ஏ (தனி ஆப் இல்லாமலே டிவி சர்வரைக் கண்டுபிடிக்கும் முறை) வேண்டுமென்றால் ஹோஸ்ட் நெட்வொர்க்தான் சரி.

ப்ளெக்ஸ் பக்கம் திறக்கிறது, ஆனால் சர்வரை அமைக்கும் கேள்விகள் வராமல் ‘அனுமதி இல்லை’ என்கிறதா? புதிய சர்வர் யாருடையது என்று இன்னும் அதற்குத் தெரியவில்லை. ப்ளெக்ஸ் தளத்தில் க்ளெய்ம் டோக்கன் ஒன்றை வாங்கி, கன்டெய்னரின் அமைப்பில் போட்டு, உடனே தொடங்குங்கள். அந்த டோக்கனின் ஆயுள் 4 நிமிடம் மட்டுமே.

## சர்வர் ஓடுகிறது, லைப்ரரி காலி

அதிகம் பேரை அழவைப்பது இதுதான். ‘என் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு ஏன் தெரியவில்லை?’ என்ற கேள்விக்கு ஒரே பதில்: சர்வர் உங்கள் பெயரில் ஓடவில்லை. அது தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு எது திறந்திருக்கிறதோ அது மட்டுமே அதற்கு உலகம். நீங்கள் அட்மினாக இருப்பதால் அதற்கு எந்த லாபமும் இல்லை.

லைப்ரரி சேர்க்கும் இடத்தில் ஃபோல்டரைத் தேர்வு செய்யும் சிறிய பெட்டி வரும் அல்லவா, அதையே கண்ணாக வைத்துச் சோதியுங்கள். அங்கே மூன்றில் ஒன்று தெரியும்.

உங்கள் ஃபோல்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. டாக்கர் என்றால் இது பாதைக் கோளாறு. நாஸில் உள்ள பாதை கன்டெய்னருக்குள் இருக்காது. நீங்கள் இணைத்துக் கொடுத்த பெயரில்தான் இருக்கும். நாஸில் ‘வால்யூம்1’க்குள் இருக்கும் ‘வீடியோ’ ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் ‘மீடியா’ என்று இணைத்திருந்தால், லைப்ரரியில் ‘மீடியா’ என்றுதான் கொடுக்க வேண்டும்.

ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே போனால் வெறுமை. இங்கே பாதையின் எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள். நாஸை இயக்கும் லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பாதையைத் தப்பாகக் கொடுத்தால் டாக்கர் பொதுவாகக் குறை சொல்லாது. அந்தப் பெயரில் புதிதாக ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி அதை இணைத்துவிடும். (சில நாஸ்களில் மட்டும் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லதே.) நாஸின் ஃபைல் மேனேஜரில் நீங்கள் உருவாக்காத ஒரு காலி ஃபோல்டர் முளைத்திருந்தால் காரணம் இதுதான். எழுத்து சரி என்றால் அடுத்தது அனுமதி.

சில படங்கள் வருகின்றன, சில வரவில்லை. இது ஏறக்குறைய எப்போதும் அந்தக் குறிப்பிட்ட கோப்புகளின் அனுமதி. வேறு பயனர் பெயரில் நகலெடுத்தவை, பழைய நாஸிலிருந்து நகர்த்தியவை, டவுன்லோட் மென்பொருள் இறக்கிப் போட்டவை ஆகியவை தங்கள் பழைய உரிமையாளரைக் கூடவே சுமந்து வரும்.

அனுமதியைச் சரிசெய்வது நாஸுக்கு நாஸ் மாறும். சினாலஜியில் டிஎஸ்எம் 7 முதல் பேக்கேஜ்கள் ரூட் எனும் முழு அதிகாரத்தோடு ஓடுவதில்லை. எனவே ப்ளெக்ஸைப் பேக்கேஜாக நிறுவினால், பகிர்ந்த ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்துக்குப் போய் ‘ப்ளெக்ஸ்மீடியாசர்வர்’ என்ற பயனருக்கு வாசிக்கும் உரிமை கொடுக்க வேண்டும். போனவர்கள் பலர் ‘அப்படி ஒரு பயனரே இல்லையே’ என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் மேலே ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கிறது. அதில் இயல்பாக உள்ளூர் பயனர்கள் மட்டும் தெரியும். ‘சிஸ்டம் இன்டர்னல் யூசர்’ என்று மாற்றினால்தான் அந்தப் பெயர் வரும்.

டாக்கரில் லினக்ஸ்சர்வர் குழுவின் இமேஜ் என்றால் பியுஐடி (பயனர் எண்), பிஜிஐடி (குழு எண்) என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். கோப்புகள் யாருடையவையோ அவருடைய எண்ணே அங்கே வர வேண்டும். நாஸின் டெர்மினலில் ‘ஐடி’ கட்டளையைப் பயனர் பெயரோடு கொடுத்தால் எண் தெரியும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் எல்லாம் 1000 என்று இருக்கும், அதை அப்படியே ஒட்டாதீர்கள். சினாலஜியில் முதலில் உருவாக்கிய பயனருக்கு வழக்கமாக 1026 என்ற எண்ணும், யூசர்ஸ் குழுவுக்கு 100 என்ற எண்ணும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். ‘777 போட்டுவிடு, எல்லாம் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று அதற்குப் பொருள். படம் ஓட்ட வாசிக்கும் உரிமை போதும். போஸ்டரையும் சப்டைட்டிலையும் படத்தின் பக்கத்திலேயே சேமிக்க விரும்பினால் மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். குடும்ப வீடியோக்கள் இருக்கும் ஃபோல்டர் என்றால் இதில் கூடுதல் கவனம் வையுங்கள், அவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள முடியாது.

இன்னொன்று: மேல் ஃபோல்டர்கள் அனைத்துக்குள்ளும் நுழையும் உரிமை வேண்டும். கடைசி ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு நடுவில் ஒன்று பூட்டியிருந்தால் சர்வர் அதைத் தாண்டாது.

## படம் வருகிறது, பெயரும் போஸ்டரும் தப்பு

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு. தொடர் என்றால் சீசனுக்கு ஒரு ஃபோல்டர், கோப்பின் பெயரில் எஸ்01இ05 என்ற வடிவத்தில் ஆங்கில எழுத்துகளோடு எண். சிறப்புப் பகுதிகள் சீசன் 00க்குள். லைப்ரரியின் வகையைத் தவறாகத் தேர்ந்திருந்தால், அதாவது தொடர்களைத் திரைப்பட லைப்ரரியில் போட்டிருந்தால், எவ்வளவு பெயர் மாற்றினாலும் பயன் இல்லை. ஒரே பெயரில் பல படங்கள் இருந்தால், படங்களின் விவரமும் போஸ்டரும் தரும் டிஎம்டிபி தளத்தில் அந்தப் படத்துக்கு உள்ள எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே சேர்க்கலாம்; ஜெல்லிஃபினுக்குச் சதுர அடைப்பு, ப்ளெக்ஸுக்கு நெளிவு அடைப்பு.

ஒரு போஸ்டர்கூட வரவில்லை, எல்லாமே வெற்றுக் கட்டம் என்றால் பெயர்களைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். நாஸால் டிஎம்டிபி தளத்தை எட்ட முடியவில்லை. சில இணையச் சேவைகளின் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) அந்தத் தளத்தின் முகவரியைச் சரியாகத் தருவதில்லை. நாஸின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றி, கன்டெய்னரை மறுபடி தொடங்கி, விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லிப் பாருங்கள்.

## புதிதாகப் போட்ட கோப்பு தெரியவில்லை

கையால் ஸ்கேன் செய்தால் வருகிறதா? வருகிறதென்றால் உடனடிக் கண்காணிப்பு வேலை செய்யவில்லை. சர்வர் ஒரு கணினியிலும் கோப்புகள் நாஸிலுமாக எஸ்எம்பி, என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் பகிர்வு வழியே இணைந்திருந்தால் அந்தக் கண்காணிப்பை நம்ப முடியாது; சில மணிக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய அட்டவணை போடுங்கள். கோப்புகள் அதே நாஸில்தான் என்றால், லினக்ஸ் எத்தனை ஃபோல்டர்களைக் கண்காணிக்கலாம் என்ற உச்சவரம்பு (ஐநோட்டிஃபை) தீர்ந்திருக்கலாம். ஃபோல்டர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பவர்களுக்கு இது வரும், லாகில் பெயர் சொல்லியே காட்டும்.

## நின்று நின்று ஓடுகிறது

‘நாஸ் பழசாகிவிட்டது, புதுசு வாங்கணும்’ என்று முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் டாஷ்போர்டைத் திறந்தால், இப்போது என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கும். டைரக்ட் ப்ளே என்றால் கோப்பு அப்படியே போகிறது. நாஸுக்கு வேலையே இல்லை. டைரக்ட் ஸ்ட்ரீம், ரீமக்ஸ் என்றால் கோப்பின் உறையோ ஒலியோ மாறும், படம் மாறாது. அதுவும் லேசான வேலை. ட்ரான்ஸ்கோட் என்றால் படத்தை நொடிக்கு நொடி மறுபடி உருவாக்கிக்கொண்டிருக்கிறது. சிறிய நாஸின் மூச்சு முட்டுவது இங்கேதான்.

ட்ரான்ஸ்கோட் என்று இருந்தால் ஏன் என்ற காரணத்தையும் ஜெல்லிஃபின் அங்கேயே சொல்லும். ஒலி வடிவம் பொருந்தவில்லை என்றால் (டிடிஎஸ், ட்ரூஎச்டி) ஒலி மட்டும் மாறும், அது பெரிய சுமை இல்லை. எச்இவிசி என்ற வீடியோ வடிவத்தில் உள்ள படத்தை பிரவுசரில் பார்க்கிறீர்கள் என்றால் டிவி ஆப்பிலோ தனி ஆப்பிலோ ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பிரவுசரும் எல்லாக் கணினியிலும் அதை ஏற்பதில்லை. ஆப்பின் தர அமைப்பில் யாரோ 4 எம்பிபிஎஸ் என்று வைத்திருந்தால் அதற்காகவே மாற்றம் நடக்கும். வீட்டுக்குள் பார்ப்பதற்கு உச்சத்தில் வையுங்கள்.

பலர் கவனிக்காத காரணம் சப்டைட்டில். ப்ளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ், டிவிடியிலிருந்து வரும் வாப்சப் ஆகியவை எழுத்து அல்ல, படங்கள். பல டிவி ஆப்கள் அவற்றைத் தாமாகக் காட்டாது. உடனே சர்வர் அந்தப் படங்களை ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் பதித்து, வீடியோ முழுவதையும் புதிதாக உருவாக்கி அனுப்பும். சோதிப்பது எளிது: நாஸின் ரிசோர்ஸ் மானிட்டரை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, ஓடும் படத்தில் சப்டைட்டிலை அணையுங்கள். உச்சத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிபியு கோடு சில நொடிகளில் தரைக்கு இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அதே சப்டைட்டிலை எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி கோப்பாக, படத்தின் பெயரிலேயே, மொழிக் குறியீட்டோடு பக்கத்தில் வையுங்கள்.

எஸ்ஆர்டி என்றதும் ஒரு துணைச் செய்தி. தமிழ் சப்டைட்டில் புரியாத குறிகளாக வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால் சரியாகும். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். ஜெல்லிஃபினின் ப்ளேபேக் அமைப்பில் மாற்று எழுத்துரு ஃபோல்டர் ஒன்றைக் கொடுக்க இடம் உண்டு. அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைப் போடுங்கள்.

சரி, டைரக்ட் ப்ளே என்றே காட்டுகிறது, ஆனாலும் நிற்கிறது. அப்போது நெட்வொர்க். 4கே ப்ளூரேயின் தரவு வேகம் உச்சத்தில் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். ஆனால் பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கேபிள் போட்டால்தான் நல்லது என்று நம்பிக் கேபிள் போட்டவர்களுக்கு, அதைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் போனதும் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். நாஸ் பக்கமும் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி நசுங்கினால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் 1000க்குப் பதில் 100 என்று இருந்தால் கேபிளை மாற்றுங்கள்.

## ஹார்ட்வேர் ட்ரான்ஸ்கோடிங் போட்டும் பயனில்லை

ட்ரான்ஸ்கோட் வேலையைச் சிப்பின் கிராஃபிக்ஸ் பகுதியிடம் விடுவதுதான் இது. முதலில் உங்கள் சிப்பில் அந்த வசதி இருக்கிறதா? இன்டெல் ஜே4125 சிப்பில் கிராஃபிக்ஸ் உண்டு, இன்டெல்லின் ட்ரான்ஸ்கோட் வசதியான குவிக் சிங்க் நன்றாகவே ஓடும். சினாலஜி டிஎஸ்923+ போன்ற நாஸ்களில் உள்ள ஏஎம்டி ஆர்1600 சிப்பில் கிராஃபிக்ஸே இல்லை. நாஸ் புதியது, விலை அதிகம் என்பதால் இந்த வேலைக்கு அது உசத்தி ஆகிவிடாது. ப்ளெக்ஸில் இதற்கு ப்ளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம்.

சிப் சரி என்றால், நாஸின் டெவ் ஃபோல்டரில் உள்ள டிஆர்ஐ கருவியை (கிராஃபிக்ஸ் பகுதிக்கான வாசல்) கன்டெய்னருக்குள் இணைத்துக் கொடுத்திருக்கிறீர்களா, சர்வர் ஓடும் பயனருக்கு அதைத் தொட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருக்கும் ரெண்டர்டி128 என்ற கோப்பு எந்தக் குழுவுடையதோ அந்தக் குழுவின் எண்ணைக் கன்டெய்னருக்குக் கொடுக்க வேண்டும். இங்கேயும் அதே பயனர், அதே அனுமதிக் கதைதான்.

படம் தொடங்கியவுடனே பிழை காட்டி நின்றால், ஜெல்லிஃபினில் கோடெக் (வீடியோ வடிவங்கள்) பட்டியலைப் பாருங்கள். சிப்புக்குத் தெரியாததற்கும் டிக் போட்டிருப்பீர்கள். இன்டெல்லில் ஏவி1 வடிவப் படத்தை விரித்துப் படிக்கும் திறன் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஜே4125க்கு அது தெரியாது. ஒவ்வொரு முயற்சிக்கும், வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் தனி லாக் எழுதும், அதன் கடைசிச் சில வரிகளில் காரணம் இருக்கும். எச்டிஆர் படம் வெளுத்துப்போய்த் தெரிந்தால் டோன் மேப்பிங் (எச்டிஆர் வண்ணங்களைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றுவது) அணைந்திருக்கிறது.

## நாஸ் மந்தம், டிஸ்க் ஓயாத சத்தம், இடம் நிறைந்துவிட்டது

நிறுவிய முதல் சில நாட்கள் என்றால் பொறுங்கள். முதல் ஸ்கேன், அத்தியாயப் படங்கள், நகர்த்தும்போது தெரியும் முன்னோட்டப் படங்கள் என்று எல்லாம் ஒன்றாக ஓடும். ஜெல்லிஃபின் 10.9இல் வந்த ட்ரிக்ப்ளே வசதி இதில் பெரிய தீனிக்காரன். வேண்டாமென்றால் அணையுங்கள், வேண்டுமென்றால் இரவுக்குத் தள்ளுங்கள்.

இடம் திடீரென நிறைந்தால் ட்ரான்ஸ்கோட் தற்காலிகக் கோப்புகளைத் தேடுங்கள். கேஷ் பாதையைத் தனியாக இணைக்காவிட்டால் அவை கன்டெய்னருக்குள்ளேயே குவியும்.

‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்று லாக் புலம்பினால் கான்ஃபிக் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தச் சர்வர்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், நெட்வொர்க் வழியே இணைத்த ஃபோல்டரில் நம்பி வைக்கத் தக்கதல்ல, கெட்டும் போகலாம். படங்கள் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கான்ஃபிக் மட்டும் சர்வர் ஓடும் கருவியின் சொந்த டிஸ்கில், முடிந்தால் எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

## வீட்டுக்கு வெளியே வேலை செய்யவில்லை

ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி ஐபியையும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் இணையம் சொல்லும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால், அதிலும் ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்; அதாவது இணையச் சேவை ஒரே வெளி ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நடக்காது. டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை நாஸிலும் போனிலும் போடுங்கள். சிஜிநாட் இல்லாவிட்டாலும் என் பரிந்துரை இதுவே. 8096ஐ அப்படியே இணையத்துக்குத் திறந்துவைப்பது பாதுகாப்பல்ல. ப்ளெக்ஸில் 2025 ஏப்ரல் 29 முதல், சொந்த வீடியோவை வெளியிலிருந்து பார்ப்பதற்கே சந்தா வேண்டும். அமைப்பில் தப்பைத் தேடும் முன் அதையும் நினைவில் வையுங்கள்.

## அப்டேட் ஆனதும் எழவில்லை

இமேஜின் பெயரில் ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருந்தால் பெரிய மாற்றங்களும் கேட்காமலே வந்துவிடும். 2025 அக்டோபரில் வந்த ஜெல்லிஃபின் 10.11 டேட்டாபேஸையே புதிய அமைப்புக்கு மாற்றியது. பெரிய லைப்ரரியில் அந்த மாற்றம் நெடுநேரம் ஓடும். பக்கம் திறக்கவில்லையே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். லாகில் வரிகள் நகர்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். உண்மையிலேயே உடைந்துவிட்டது என்றால், பழைய பதிப்பை மட்டும் போட்டால் போதாது, மாறிய டேட்டாபேஸ் அதற்குப் புரியாது. கன்டெய்னரை நிறுத்தி, முன்பு எடுத்துவைத்த கான்ஃபிக் பிரதியை அதே இடத்தில் வைத்து, பழைய பதிப்பின் எண்ணை இமேஜ் பெயரில் குறிப்பிட்டு, அதன்பிறகு தொடங்குங்கள்.